குறைக்காரி விற்ற வீடு

என் மருமகள் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறாள். ஊரில் உள்ள மற்ற புரோக்கர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் குறைக்காரி. திட்டுவதற்காக வைத்த பெயர்தான். அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த பார்ட்டிக்குப் போன் போடுவாள். நான் ஆஸ்பத்திரியிலும், ஓய்வு பெற்றபின் வீடு வீடாகவும் போய், படுத்த நோயாளிகளைக் கவனித்தவள். யாரையும் சட்டென்று புகழ்ந்து பழக்கமில்லை. புகழ்ந்தால் நோயாளி மாத்திரையை மறந்துவிடுவான். ஆனால் இவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் புகழாமல் முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயருக்குக் காரணம் அவள் வீடு காட்டுகிற விதம். மற்றவர்கள் பார்ட்டியை வெளிச்சமான கூடத்தில் நிறுத்துவார்கள், ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டுவார்கள். இவள் நேரே அந்த வீட்டின் மோசமான இடத்துக்கு அழைத்துப் போவாள். "இந்தச் செவுரு மழைக்காலத்துல வேர்க்கும். பக்கத்து வீட்டு மோட்டாரு விடியறதுக்கு முன்னாடியே உங்கள எழுப்பிடும். இதுக்கு மேலயும் பிடிச்சிருந்தா வாங்க, மாடியைப் பாக்கலாம்" என்பாள். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் முன்பணம் கொடுத்தபின் பின்வாங்குவதில்லை. அதுதான் அவள் கணக்கு.

"கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியாரக் காட்டிட்டா அப்புறம் சண்டை வராது அத்தே" என்று ஒருநாள் சொன்னாள்.

"நீயும் என்னைப் பாத்துட்டுத்தானே வந்தே?"

"ஆமா. அதான் இன்னும் ஓடல."

எங்கள் ஊர் சில வருஷங்களாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. புது ரயில் பாதை கிழக்குப் பக்கம் போனது. பெரிய ஆஸ்பத்திரியும் அதன் பின்னாலேயே போனது. அங்கே முள்ளும் தண்ணீருமாகக் கிடந்த மனைகளுக்கு இப்போது அடிதடி. நாங்கள் இருக்கும் மேற்குப் பக்கத்தில் நூல் ஆலை ஒவ்வொரு ஷிஃப்டாக மூடியது. வேலை போனவர்கள் வீட்டை விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. விலை அங்கே ஏறுகிறது, இங்கே இறங்குகிறது. வாய் திறந்து சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவின் மூலை வீடு எதிர்பாராத விலைக்குப் போனது. வாங்கியது ஒரு மரச்சாமான் கடை முதலாளி. அவருடைய கிடங்கு அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து கிடங்குக்கு லாரி வர வழி இல்லாமல் தவித்தவர், கேட்டதைக் கொடுத்து வாங்கி, அடுத்த மாதமே வீட்டை இடித்துப் பாதை போட்டார். ஆனால் தெருவில் எல்லோர் தலையிலும் அந்த விலை ஏறி உட்கார்ந்துகொண்டது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். இனி இந்தத் தெருவில் யாரும் அந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது, ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்கிப் போவோம் என்று பேசி முடித்தார்கள். எங்கள் வீட்டின் சார்பில் என் மகன் போய்த் தலையாட்டிவிட்டு வந்தான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மருமகள் அன்று கிழக்குப் பக்கம் யாருக்கோ வீடு காட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வீடும் விற்கவில்லை. 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகைகள் வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம்.

எங்களுக்கு எதிர்வீடு டிரைவர் வீடு. பஸ் ஓட்டியவர். அவருடைய மனைவி தையல்காரி. பள்ளி யூனிஃபாரமும் ஜன்னல் திரையும் தைப்பாள். டிரைவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. வீடோ ஒடுக்கமான மாடி வீடு. படுக்கையும் குளியலறையும் கழிப்பறையும் மேலே. கீழே ஒரே அறை, அதில் தையல் மெஷின்கள். அந்த மெஷின்களுக்கு நடுவில் கட்டில் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கீழேயே ஒரு கழிப்பறை கட்டலாம் என்றால் கழிவுநீர்க் குழாய் போக இடமில்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

கைகால் பயிற்சி கொடுக்க நான் தினமும் போவேன். யூனிஃபாரம் அளவு கொடுக்க யாராவது வந்தால் தையல்காரி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுவாள். மலச் சட்டிக்கும் மூத்திரப் பாட்டிலுக்கும் அந்தத் திரைதான் மறைவு. டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவருடைய காலில் பலம் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார். ஆனால் நடந்து போய்ச் சேர ஓரிடம் வேண்டுமே! இந்தக் கட்டத்தில் படுக்கவே வைத்திருந்தால் திரும்பிய பலமும் போய்விடும். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

கிழக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கு அருகே, தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் மருமகளுக்குத் தெரிந்தவரிடம் இருந்தது. வாசலில் படி இல்லை, குளியலறைக் கதவு அகலம். மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும்படி கெஞ்சிக் கேட்டு வைத்திருந்தாள். அதைத் தவறவிட்டால் அடுத்த ஃபிளாட் இவர்கள் கைக்கு எட்டாது. அங்கே விலை அப்படி ஓடியது. ஆனால் அதை வாங்க இந்த வீட்டை விற்றாக வேண்டும்.

"மூலை வீட்டு ரேட்டு வந்தா குடுக்கறேன். இல்லன்னா வேணாம்" என்றாள் தையல்காரி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"அக்கா, அந்தாளு வீட்டையா வாங்கினாரு? லாரிக்கு வழி வாங்கினாரு. உங்க வீட்டுக்குள்ள லாரி திரும்புமா?"

"என்ன, நக்கலா?"

"நெசந்தான்கா. அதுல முக்கா வாசிக்கு மேல இன்னிக்கு யாரும் தர மாட்டாங்க. அடுத்த வருஷம் அந்த முக்காலும் வராது."

"நீ வீடு விக்க வந்தியா, வெலயக் கொறைக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

தையல்காரி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். மருமகளோடு அவள் பேச்சு அத்தோடு நின்றது. முழு விலை வாங்கித் தருகிறேன் என்று வேறொரு புரோக்கர் வந்தான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்; பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. மாதம் அது பாட்டுக்குக் கரைந்தது.

ஒரு மதியம் தையல்காரி துணி கொடுக்கப் போன நேரத்தில் டிரைவர் தானாக மாடிக்கு ஏறப் பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டு நான் ஓடினேன். படியின் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உடை நனைந்திருந்தது. துடைத்து, மாற்றி, கட்டிலில் சாய்த்தேன். அவர் அழவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தையல்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எங்கடி உன் முக்கா?" என்றாள்.

"இருக்குக்கா. நாளைக்கே கூட்டிட்டு வரேன்" என்றாள் மருமகள்.

அவள் போனபின் மருமகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அத்தே, ஒண்ணு கேக்கணும். அந்த வீடு முக்காலுக்குப் போனா நம்ம வீட்டுக்கும் முக்கால்தான். அப்புறம் ஏத்திச் சொல்ல முடியாது. வீடு உங்க பேர்ல இருக்கு. உங்களக் கேக்காம செய்ய மாட்டேன்."

"இப்ப மட்டும் முழுசுக்கு எவன் கேட்டு நிக்கறான்? வராத வெல கொறைஞ்சா எனக்கென்ன? நான் இந்த வீட்ட விட்டுப் போறப்ப கையெழுத்துப் போட்டுட்டா போகப் போறேன்? படுத்துக்கிட்டுத்தான் போவேன்."

"சாப்பிடறப்ப பேசற பேச்சாம்மா இது?" என்றான் என் மகன், தட்டிலிருந்து தலையைத் தூக்கி.

"நீ தலையாட்டிட்டு வந்த கூட்டத்தவிட இது தேவல" என்றேன்.

மறுநாள் வந்தது ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவரும் அவர் மனைவியும். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் கையில் உள்ளது எதற்கு எட்டும் என்று மருமகளுக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள் என்று வெகு நாளாக அவர்களைப் பிடித்து வைத்திருந்தாள். பார்ட்டி வருகிறது என்றதும் தையல்காரி தன் கைவேலையைக் காட்டியிருந்தாள். சமையலறையின் ஈரச் சுவர் முழுக்கப் பூப்போட்ட திரை. ஜன்னலே இல்லாத சுவருக்கு அவ்வளவு அழகான திரையை நான் எங்கும் பார்த்ததில்லை.

மருமகள் நேரே போய் அதை ஒரே இழுப்பில் விலக்கினாள். உள்ளே உப்புப் பூத்து, சுண்ணாம்பு உரிந்து, தேசப் படம் மாதிரி இருந்தது.

"அடிப்பாவி!" என்று தையல்காரி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"இதான் இந்த வீட்டோட பெரிய நோவு" என்றாள் மருமகள் வந்தவர்களிடம். "ரெண்டாவது நோவு மாடிப்படி. வயசானவங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வயசாக இன்னும் காலம் இருக்கு."

ரொட்டிக்காரரின் மனைவி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "எங்க வாடகை வூட்ல நாலு செவுரும் இப்படித்தான். இது ஒண்ணுதானா?" என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் படிக்கட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவர்கள் வாங்கிவிடுவார்கள் என்று. தையல்காரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். போய் எல்லோருக்கும் தேநீர் வைத்தாள்.

ஒப்பந்தம் எழுதிய செய்தி தெருவில் பரவ வெகுநேரம் ஆகவில்லை. ஹார்டுவேர் பெரியவர் நாலைந்து பேரோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, தெருவே சேந்து ஒரு வார்த்தை பேசி வச்சிருந்தோம். நீ தெருவையே வித்துட்டியே!"

"தெரு என் கையில இல்ல மாமா. இருந்திருந்தா அதுலயும் முதல்ல சாக்கடையத்தான் காட்டியிருப்பேன்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார். பெரியவர் சிரிக்கவில்லை.

"ஒவ்வொருத்தன் ஆயுசுக்கும் சேத்தது அந்த ஒரு வீடுதான். அதுல கால் பங்க ஒரு கையெழுத்துல அழிச்சுட்டே. உன் வீட்டையும் சேத்துத்தான். மாமியாரக் கேட்டியா?"

"கேட்டாளே" என்றேன் உள்ளேயிருந்து.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். மருமகளுக்கும் அது தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, நீங்க சொல்ற ரேட்டுக்கு ஒரே ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வாங்க. ரொட்டிக்கார அண்ணன்கிட்ட நானே பேசி இந்த ஒப்பந்தத்த ரத்து பண்ணிடறேன். கமிஷன்கூட வேணாம். ஆனா மாசக் கடைசிக்குள்ள வரணும். அதுக்கப்புறம் டிரைவர் அண்ணனுக்குப் போக இடம் இல்ல. உங்க வார்த்தையக் காப்பாத்த அவரு இன்னும் எத்தன நாளு திரைக்குப் பின்னால படுத்திருக்கணும்?"

பெரியவர் எதிர்வீட்டைப் பார்த்தார். திரை இழுத்துவிட்டிருந்தது தெருவிலிருந்தே தெரிந்தது. "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு மருமகள் தண்ணீர் எடுத்தாள். நான் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பயமா இருந்துச்சா?"

"செத்துட்டேன் அத்தே."

"சாகல. உக்காரு" என்றேன். எந்தப் பட்டம் வாங்கிவந்தாலும் அதைவிடப் பெருமையாக நான் அவளைப் பார்த்திருக்க மாட்டேன். பயம் இல்லாதவள் செய்திருந்தால் அதில் என்ன இருக்கிறது!

மாதக் கடைசி வரை யாரும் வரவில்லை. பெரியவர் உண்மையாகவே அலைந்து பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு பத்திரங்களையும் ஒரே நாளில் பதிவு செய்ய ஏற்பாடு செய்தாள் மருமகள். பதிவு அலுவலகத்து மர பெஞ்சில் டிரைவரை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் ரொட்டிக்காரர் குடும்பம், மறுபக்கம் ஃபிளாட்டுக்காரர். பழைய வீடு தையல்காரி பெயரில் இருந்ததால் விற்கும் கையெழுத்தை அவள் போட்டாள், வாங்கும் கையெழுத்தை டிரைவர் வலது கையால் போட்டார். ஃபிளாட்டை அவர் பெயரில்தான் வாங்க வேண்டும் என்று சொன்னது தையல்காரி.

தெருவில் சிலர், விற்றுத் தரச் சொல்லி மருமகளிடம் கொடுத்திருந்த பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு விலையும் இறங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. பிறகு, முக்கால் விலை என்று தெரிந்ததும், ஒவ்வொன்றாக வாங்க ஆள் வரத் தொடங்கினார்கள். வருஷக் கணக்கில் காலியாகக் கிடந்த இரண்டு வீடுகளில் இப்போது விளக்கு எரிகிறது. தெருவில் குழந்தைகள் சத்தம் தாங்கவில்லை.

டிரைவரைப் பார்க்க நானும் மருமகளும் போன வாரம் கிழக்குப் பக்கம் போனோம். மெஷின் ஜன்னலோரம் இருந்தது. டிரைவர் ஊன்றுகோலை எடுத்தார். நான் வழக்கம்போல் பிடிக்கப் போனேன்; கையைத் தட்டிவிட்டார். கூடத்தைத் தானாகக் கடந்து குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

தையல்காரி குரலைத் தாழ்த்தி மருமகளிடம் கேட்டாள்: "இந்தப் பக்கம் இன்னும் ஏறிட்டு இருக்காமே. இப்ப இத வித்தா எவ்வளவு வரும்?"

"விக்கப் போறீங்களா?"

"சும்மாதான் கேட்டேன். தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து, குழறலாக இருந்தாலும் தெருவுக்கே கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"விக்க மாட்டேன்!"