ஜாகாவுக்குப் போன நாய்

பிரிக்பீல்ட்ஸில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாயைத் தேற்றினேன். யாரைக் கண்டாலும் வாலாட்டும். என் ஃபிளாட்டில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். கிள்ளான் லோரிக்காரர் ஒருவர், “குடுங்க அண்ணே, ஜாகா பண்ணத்தான்” என்றார். பராமரிப்பதையும் காவல் காப்பதையும் நாங்கள் ஜாகா என்றே சொல்வோம். பராமரிக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். மேலே கேட்கக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிறகு பார்க்கப் போனேன். லோரிகளுக்கு நடுவே வெயிலில், குட்டைச் சங்கிலியில் கிடந்தது.

“என்ன நாய்ண்ணே இது? திருடன் வந்தாலும் வாலாட்டும்லா!” என்று சிரித்தார் அவர்.

அது என் கையை நக்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றே அழைத்து வந்துவிட்டேன்.

இப்போது அம்பாங்கில் ஓர் ஆன்டி வளர்க்கிறார். வீட்டைப் பார்த்து, “கட்டிப் போடுவீங்களா? எங்க படுக்கும்?” என்று கேட்ட பிறகே கொடுத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.