ஐப்பசி இதழின் கடைசிப் பக்கம்

ஐப்பசி இதழை நான் வாசித்த சனிக்கிழமை, தோல் பதனிடும் ஷாப்பில், பட்டை இடிக்கும் கொட்டகையில் இருந்தவர்கள்: என் நைனா, சித்தப்பா, அவர்களோடு சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் ஐந்து பேர், பட்டை நிறுக்கும் பாய். இல்லாதவர்கள் இருவர். அம்மா எருமைக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள். மாமா, அதாவது அக்காவின் புருஷன், பேரணாம்பட்டில் இருந்தார். அந்த இருவரில் ஒருவர் இருந்திருந்தாலும் நான் அவ்வளவு நேரம் நிம்மதியாக வாசித்திருக்க முடியாது.

இதழ் என்றால் அச்சடித்ததல்ல. கையால் எழுதி, நூலால் தைத்து, மாதம் ஒரே ஒரு பிரதி. எழுதுபவனும் நான், படம் போடுபவனும் நான். எங்கள் வம்சத்தில் முதலில் சிலேட்டைத் தொட்டவன் என்பதால், ஆம்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார் ஆனதுமே ஊருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. தோல் ஷாப்பில் படிக்கத் தெரிந்தவர் இல்லை. ஆகையால் நானே போய் வாசிப்பேன். கடைசிப் பக்கத்தை 'வாசகர் அபிப்பிராயம்' என்று தலைப்பிட்டு வெறுமையாக விட்டிருப்பேன். அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன், கீழே கைநாட்டு வைப்பார்கள். பாய் மட்டும் ஒவ்வொரு மாதமும் "பேஷ்னு போடு தம்பி, ஜாஸ்தி வேணாம்" என்பார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தோல் காயாது. பாதி நாள்தான் வேலை. கேட்க ஆளும் நேரமும் தாராளம். அந்த இதழில் என் சேதிகளை முதலில் எழுதியிருந்தேன்: குளிர்க்காய்ச்சல் வந்து கொயினா மாத்திரை சாப்பிட்டது, பழைய குடை ஒன்று வாங்கியது, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவது. பிறகு, 'இம்மாதம் அனுபவிக்கத் தக்கவை'. படிப்பகத்துக்குப் புதிதாக வந்த துப்பறியும் நாவல். காப்பிக் கடை கிராமபோனில் எந்தத் தட்டைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டேஷன் பக்கம் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனி. நாடிழந்த ராஜா ஒருவனின் கதை. மழைக்காலமாகையால் ஞாயிறு பகல் ஆட்டமும் உண்டு, தரை டிக்கெட் இரண்டணா, தவறாமல் பாருங்கள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

எழுதாதது ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் பிந்தி வரும் பேப்பரில், சீமையில் தோல் விலை விழுந்துவிட்டது, சென்னை வியாபாரிகள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்று போட்டிருந்தது. அதை மூன்று முறை படித்தேன். படித்துவிட்டு, கலை இலக்கியம் பேசும் இடத்தில் சந்தை நிலவரம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகாகக் கோடு போட்ட பக்கங்களில் அதற்கு இடமும் இல்லை.

நைனாவுக்கு அந்த வாரம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பேரணாம்பட்டில் தோலை உள்ளூரிலேயே விற்கிற ஒரு ஷாப்புக்கு நான்கு பேர் தேவை என்றும், ஞாயிற்றுக்கிழமை அங்கத்து மேஸ்திரியையே கூட்டிக்கொண்டு வருவதாகவும் மாமா சொல்லியனுப்பியிருந்தார். இங்கே பதினைந்து வருஷமாகத் தொட்டியில் நிற்கிறவர் நைனா. ஷாப்பு ஓடுமானால் போக வேண்டியதில்லை. மூடுவார்களானால் போயே ஆக வேண்டும். எது என்று யாரிடம் கேட்பார்? முக்கியமானது எதுவாயிருந்தாலும் பையன் எழுதியிருப்பான் என்று இதழ் முழுவதும் காத்திருந்தார். நான் மூடிவைத்ததும் கேட்டார்.

"அவ்ளோதானா? கப்பல்ல தோல் போவுறதப் பத்தி பேப்பர்ல இன்னாடா போட்டுக்கிறான்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல நைனா."

"பேரணாம்பட்டு மேஸ்திரிக்கு இன்னா சொல்றது?"

சித்தப்பா குறுக்கே விழுந்தார். "பேப்பர் படிக்கிறவனே ஒண்ணுமில்லங்கிறான். இதுல இன்னா பேஜார் உனக்கு? நாளிக்கி நாடகத்துக்குப் போலாம், வா."

"நம்ம வாத்தியாரே சொல்ட்டாரு தோஸ்த், அப்புறம் இன்னா?" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் என்றதில் எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் தொடங்கி இருட்டும் வரை நான், நைனா, சித்தப்பா மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்தபோது நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் சிபாரிசு பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

அதே நேரம் மாமா மேஸ்திரியோடு எங்கள் வாசலில் நின்றிருந்தார். "நாடகம் பாக்கப் போய்க்கீறாங்க" என்றாளாம் அம்மா. மேஸ்திரி சிரித்தாராம். "நாடகம் பாக்கிறவனுக்கு இன்னாத்துக்கும்மா வேலை?" விளக்கு வைக்கும் வரை இருந்துவிட்டு, பக்கத்துத் தெருவில் நான்கு பேரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா எங்களுக்கென்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் எங்கள் ஷாப்பின் கதவு மூடியது. தொட்டியில் ஊறின தோலைக்கூட எடுக்கவில்லை, தெருவே நாறிற்று. பேரணாம்பட்டுக்கு நைனா நடந்தே போய்க் கேட்டார். ஆள் நிரம்பிவிட்டதாம். தையில், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நெல் அறுப்புக்குப் போனார். சுண்ணாம்பில் வெந்த கை, அரிவாள் பிடித்த இடமெல்லாம் பிளந்துகொண்டது. என் சம்பளம் அரிசிக்கே போதவில்லை. மாசியில் எருமையைப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டினோம். அம்மா சந்தை வரைக்கும் கூடவே வந்தாள். திரும்பி வரும்போது கயிறு அவள் கையில் இருந்தது.

எருமை விற்ற அன்று ராத்திரி, பேப்பரில் பார்த்ததை நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

இப்போது பங்குனி. கார்த்திகை இதழ் வரவில்லை, அதற்குப் பின் எதுவும் வரவில்லை. போன வாரம் நைனாவே அந்த ஐப்பசி இதழைப் பரணிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் போட்டார். அந்த மாதம் நாடகப் பேச்சில் அபிப்பிராயம் எழுதாமலே கலைந்திருந்தோம்.

"கடைசிப் பக்கம் காலியாக் கீதே. எழுதுடா."

பேனாவை எடுத்தேன்.

"நாடகம் நல்லா இருந்திச்சின்னு எழுது. நெஜமாவே நல்லாத்தான் இருந்திச்சி. டிக்கெட்டு ஆறணா. எருமை இருபத்திரண்டு ரூவா. மொத்தம் போடு."

போட்டேன். அவர் கைநாட்டு வைத்தார். இருபத்திரண்டு ரூபாய் ஆறணா.