குயினைன் மடித்த தாள்

எங்கள் வயல் வட்டைக்குப் பக்கத்தில் இருந்த மருந்துச்சாலை டாக்குத்தருக்கு நோயாளிகளைவிடச் செடிகள்மீதே அக்கறை. கோட்டுப் பையில் எப்போதும் வாடிய இலைகள் இருக்கும். பழைய காலத்து அமெரிக்க வைத்தியர் ஒருவர் செடி, பாம்பு, காய்ச்சல் என்று கண்டதையெல்லாம் எழுதினாராம். அவரைப் பார்த்து இவரும் எழுதி அச்சடித்தார். ஒருவரும் வாங்கவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துத்தான் குயினைன் தூளை மடித்துக் கொடுப்பார்.

என் மனைவி மலேரியாவில் நடுங்கிக் கிடந்தபோது இரண்டாம் முறையாக மருந்துக்குப் போனேன்.

"முதல்ல வந்த அண்டைக்கு மருந்து மடிச்ச தாளை வாசிச்சீங்களா?" என்றார்.

"காய்ச்சல் இன்னும் விடல்ல, ஐயா."

"அது விடும். பாம்பைப் பத்தின பக்கம் அது. போய் வாசிங்க."

இவனெல்லாம் ஒரு வைத்தியனா என்று முணுமுணுத்தபடி மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

காய்ச்சல் விட்டது. அந்த முதல் தாளை எறியப் போனவன் வாசித்துத் தொலைத்தேன். பாம்பு கண்ணாலேயே குருவியை மயக்குமா என்று பார்க்க, மனுஷன் வாவிக்கரையில் அரைநாள் குந்தியிருந்திருக்கிறார். கீழே கிடந்த பாம்பைப் பார்த்தபடி குருவி ஒரு கிளை கீழே இறங்கியதாம். அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

மீதியை எந்த வீட்டுக் காய்ச்சலுக்கு மடித்துக் கொடுத்தாரோ. அந்தக் குருவி பிழைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.