திரி வெடித்த முட்டித் தைலம்

மரக்காணத்தில் சிங்காரம் என்றால் எந்தச் சிங்காரம் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்பு வாத்தியார் அடித்த அடியில் உப்பளத்துக்கு ஓடியவர். அப்புறம் புதுச்சேரி வைத்தியசாலை ஒன்றில் அண்டா துழாவப் போய், கண்ணால் பார்த்தே தொழிலைக் கற்றார். யாராவது சொல்லித் தந்திருந்தால் கெட்டுப்போயிருப்பேன் என்பார். இன்று சொந்தமாக உப்பளம், அதன் ஓரத்திலேயே தைலக் கொட்டகை. கூனிமேட்டிலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை முட்டி வலியென்று உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவர் தைலத்தால்தான் எழுந்து நடக்கிறார்கள். நடக்காதவர்கள் சரியாகத் தேய்க்காதவர்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு குறை இருந்தது. டாக்டர் எவரும் அவர் தைலத்தைச் சீட்டில் எழுதியதில்லை. அந்தக் குறை தீரும் நாளும் வந்தது. திண்டிவனத்து ஆயுர்வேத டாக்டர் புருஷோத்தமன், ஓர் அண்டா தைலம் தன் கண்ணெதிரே பதமாக இறங்கினால் எழுதுகிறேன் என்று வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நொச்சியும் முடக்கத்தானும் அரைத்த விழுது நல்லெண்ணெயில் கொதித்தது. அண்டாவில் தங்கும் விழுதைத் திரியாக உருட்டி நெருப்பில் காட்டுவார்கள். சத்தமில்லாமல் எரிந்தால் தைலம் தயார்; படபடவென்று வெடித்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

சிங்காரம் தன் பாத்தியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி வந்து, "பாருங்க டாக்டரே, மல்லிப்பூ மாதிரி இருக்குது" என்று காட்டிவிட்டு, கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு திரி உருட்டினார்.

பட்! படபட!

"ஈரம் இருக்குது. ஏ சாமுண்டி, இன்னும் ரெண்டு சவுக்குக் கட்டை போடு."

மறுபடி துடைத்தார், உருட்டினார். மறுபடி படபட.

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "வாசனை வந்துடுச்சுங்க ஐயா. இறக்கிடலாமே."

"வாசனை ஊரை ஏமாத்தும் டாக்டரே. திரி என்னை ஏமாத்தாது."

தைலம் கருத்துக்கொண்டே போனது. திரி மட்டும் அடங்கவில்லை.

மனைவி சாமுண்டீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "நாலு ஊருக்குத் தம்பட்டம் அடிச்சீங்க இல்ல? கண்ணு பட்டுடுச்சு." உப்பும் மிளகாயும் எடுத்து அண்டாவையும் புருஷனையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, உங்க திரியும் இதே சத்தம்தானே போடுது? அந்தத் துண்டைக் குடுங்க."

உதறினாள். பொலபொலவென்று உப்பு கொட்டியது. தன் கையைக் கழுவி, புடவையில் துடைத்து, தானே ஒரு திரி உருட்டிக் காட்டினாள். சாமி விளக்குபோல நின்று எரிந்தது.

"இறக்குங்க! இறக்குங்க!" என்று டாக்டர் எழுந்தே விட்டார். இறக்கினார்கள். ஒரு சொட்டைக் கையில் தேய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் அதிகமாதான் காஞ்சிருக்குது. உள்ளுக்குக் குடிக்கிறதா இருந்தா கொட்டிட வேண்டியதுதான். மேல தேய்க்கிறதுக்கு இந்தப் பதம் ஆகும்."

"அதுக்குத்தானே விட்டேன்" என்றார் சிங்காரம்.

"எழுதுறேங்க ஐயா. ஆனா ஒண்ணு. இனிமே பதம் பாக்கிறது அம்மாதான். நீங்க அண்டாவுல கை வைக்கக் கூடாது."

சிங்காரம் டாக்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினார்.

மறுநாள் டீக்கடையில் மச்சான் ஆதிமூலம், "இன்னா மாமா, டாக்டரு சொன்ன கண்டிஷனுக்கு ஒத்துக்கினியாமே?" என்றான்.

சிங்காரம் டீயை ஆற்றினார். "டாக்டர் சீட்டுல ஏறிட்ட தைலம்பா இது. எல்லாத்தையும் ஒரே ஆளு பாக்க முடியுமா? பதம் பாக்க ஒரு ஆளை வேலைக்கு வெச்சிருக்கேன்."

"எங்க அக்காவையா?"

"தெரிஞ்ச குடும்பமாச்சேன்னு பாத்தேன்."