ஒரு வயது கூடியது

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தேதிக் கணக்குகள் செய்யும் மென்பொருள் தொகுப்பு ஒன்றை எழுதி விற்றோம். அதனுடன் ஒரு கையேடும் போகும். கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் உதாரணம் உண்டு. அதன் கீழே, இதைக் கொடுத்தால் இந்த விடை வரும் என்று ஒரு வரி இருக்கும். அந்த விடைகள் பொய்த்துவிடக் கூடாது என்பதற்காக, தினமும் காலை ஒன்பது மணிக்கு சர்வர் எல்லா உதாரணங்களையும் தானே ஓட்டிப் பார்த்து, கையேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு எனக்கு அறிக்கை அனுப்பும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எனக்கு முன்பு என் நாற்காலியில் இருந்தவர். நீலசந்திராவிலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பத்தொரு வயதில், காலையில் குளிக்கப் போனவர் விழுந்து இறந்தார். அப்போது பக்கத்து மேசையில் இருந்த நான் தினமும் நாட்குறிப்பின் கடைசி வரியாக ‘எல்லாம் சரி’ என்று எழுதுவதைப் பார்த்து, “என்னய்யா, ஒரு நாளாவது எல்லாம் தப்புன்னு எழுதேன், பாக்கறேன்” என்று கேலி செய்வார்.

அவர் போய் இரண்டே முக்கால் வருடம் ஆகியிருந்தது. தொகுப்பின் புதிய பதிப்பு மாலை ஐந்து மணிக்கு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய நாள். காலை அறிக்கையில் ஓர் உதாரணம் மட்டும் தவறியிருந்தது. பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் கட்டளை அது.

எதிர்பார்த்தது: 43. கிடைத்தது: 44.

முந்தின நாள் தவறவில்லை, நாட்குறிப்பில் பார்த்தேன். இடையில் யாரும் எதையும் தொடவில்லை. கையால் ஓட்டினேன். 44 என்றே வந்தது. அப்புறம்தான் உதாரணத்தில் இருந்த பிறந்த தேதியை ஒழுங்காகப் படித்தேன். இன்றைய தேதி, இன்றைய மாதம். ஆண்டு மட்டும் வேறு. அவர் தன் பிறந்த தேதியையே உதாரணமாக வைத்திருக்கிறார்.

கணினி அன்றைய தேதியை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் ஒரு வயது கூடிவிட்டது. இதுவரை சரி. ஆனால் அவர் நாற்பத்தொன்றில் இறந்தவர். கையேட்டில் 43 என்று எழுதியது யார்?

அந்தப் பக்கத்தை எப்போது யார் திருத்தினார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும். திறந்தேன். போன வருடம் இதே நாள், காலை எட்டு ஐம்பத்தைந்து. அதற்கு முந்தின வருடமும் இதே நாள், அதே எட்டு ஐம்பத்தைந்து. இரண்டும் அவருடைய லாகினிலிருந்து. இரண்டின் பக்கத்திலும் ஆங்கில எழுத்தில் அடித்த அதே தமிழ்க் குறிப்பு: ‘ஒரு வயது கூடியது. எல்லாம் சரி.’

நாட்குறிப்பில் அவர் உடலை எரித்துவிட்டுத் திரும்பிய நாளின் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். தேதிகளை இரண்டு முறை ஒப்பிட்டேன். நான் தவறாக எண்ணவில்லை; இரண்டு திருத்தங்களும் அவர் போன பிறகுதான்.

மேலாளர் என்னைவிட இளையவர், கோயம்புத்தூர்ப் பெண். எட்டிப் பார்த்தார். “ஒரே ஒரு உதாரணம்தானுங்களே சார்? தூக்கிடுங்க. யார் கேக்கப் போறாங்க?”

“அவர் எழுதின பக்கம் எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டோம்மா. இது ஒண்ணுதான் மிச்சம்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, அஞ்சு மணி வரைக்கும் டைம். பாஸ் ஆகலைன்னா எடுத்துருவேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

சர்வர்களைக் கவனிக்கும் நண்பர் மல்லேஸ்வரத்துக்காரர், பாதி கன்னடம் பேசுவார், எல்லாரையும் ‘குரு’ என்பார். பதிவேட்டைக் காட்டினேன்.

“ஏன் குரு, காலங்காத்தால பயமுறுத்தறே?”

“அவர் லாகினை இன்னும் மூடலையா?”

“எப்படி மூடறது? மூடற ஃபாரத்துல எம்ப்ளாயி கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. அது இல்லாம ஆபீஸ்ல வாங்க மாட்டேங்கறாங்க. நான் எங்க போய் வாங்கறது, சொல்லு?”

போன மாதம் பரிசோதனைகளையெல்லாம் புது சர்வருக்கு மாற்றியது நான்தான். என் லாகினில் இருந்தவற்றை மட்டும் பட்டியலிட்டு மாற்றினேன். பழைய சர்வர் பெட்டி காபி இயந்திரத்துக்குப் பின்னால் தூசியில் கிடந்தது. அதில் ஏதாவது தங்கியிருக்கலாம் என்று தூக்கி வந்து கம்பிகளைச் செருகி ஓடவிட்டோம். விசிறி முனகியது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நாங்கள் இருவரும் எதையும் தொடவில்லை. நான் லாகின்கூடச் செய்யவில்லை.

என் மேசைக் கணினியில் ஒரு சத்தம் கேட்டது. கையேட்டில் புதிய திருத்தம் வந்திருந்தது. 43 போய் 44. அவர் லாகின். ஒரு வயது கூடியது. எல்லாம் சரி.

“ஆயித்து” என்றார் நண்பர், மிக மெதுவாக. கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

உள்ளே தேடினோம். அவர் எழுதி வைத்த, தானே ஓடும் நான்கே வரி ஸ்கிரிப்ட். ஒவ்வொரு பிறந்த நாளிலும், பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் முன்பு, விடையைத் திருத்தி, குறிப்பை எழுதி, ஓசையில்லாமல் அடங்கிவிடும். பெட்டி அணைந்திருந்து வேளை தப்பினால், எழுந்தவுடன் அதைச் செய்யும். உதாரணத்தில் கணக்கிடும் தேதியை நிலையாக வைக்காதவர்களை அவர் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். தன் பிறந்த நாள் என்றதும் அவருக்கும் சோம்பல் வந்திருக்கிறது.

உதாரணம் பாஸ் ஆகிவிட்டது. அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் இந்தப் பெட்டி இல்லை. அடுத்த வருடம் அங்கே விடை பொய்யாகும். இங்கேயோ அவருக்கு நாற்பத்தைந்து ஆகும், நாற்பத்தாறு ஆகும், யாரும் பார்க்காத காலை ஒன்றில்.

எந்த நாளில் கணக்கிட வேண்டும் என்று அந்தக் கட்டளையிடம் சொல்ல முடியும். ஒரு தேதியைக் கொடுத்தால் போதும். எந்தத் தேதி? நாட்குறிப்பில் அவர் அலுவலகம் வந்த கடைசி நாளைத் தேடினேன். ‘மதியம் என் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாய் எடுத்துக்கொண்டார். மாலை மழை. எல்லாம் சரி.’ அந்தத் தேதியைக் கொடுத்து ஓட்டினேன். 41 வந்தது. கையேட்டில் 41 என்று எழுதினேன். நாலரை மணிக்கு எல்லா உதாரணங்களும் பாஸ் ஆயின. மேலாளர் வந்து பார்த்து, தொகுப்பை அனுப்பினார். அந்த ஸ்கிரிப்டை நானே அழித்தேன். லாகினை மூடவில்லை, கையெழுத்துக் கட்டம் காலியாகவே இருந்தது.

அடுத்த வருடம் அதே நாளில் சீக்கிரமே போய், எட்டு ஐம்பத்தைந்துக்குத் திரையின் முன் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்பது மணிக்கு அறிக்கை வந்தது.

எதிர்பார்த்தது: 41. கிடைத்தது: 41.

அன்று மாலை நாட்குறிப்பை எழுதி முடித்தபோது, கடைசி வரியை மட்டும் எழுதாமல் மூடி வைத்தேன்.