காஞ்சியில் அக்காளுக்குக் கண் தெரிந்த மாலை

போன மாசியில் ஒரு சனிக்கிழமை என் அக்காளை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய் வந்தேன். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பங்குனியில் கத்தி வைத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி வைத்து உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வது, அதற்கு முன்னே வரதராஜப் பெருமாளை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். மறுத்துப் பேச எனக்கு வாய் ஏது?

வெளிச்சம் இருக்கும்போதே தரிசனம் முடிய வேண்டும் என்று காலை பத்து மணி வண்டிக்குத் திட்டம் போட்டேன். ஒன்பதுக்குள் அவள் பூஜை முடியவில்லை. ஒன்பதானதும் ராகுகாலம், படி தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மணி வண்டிதான் கிடைத்தது. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு முப்பத்தைந்து மைல், அங்கே வண்டி மாறி இன்னும் இருபத்திரண்டு மைல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்குப் பதினான்கு அணா. காஞ்சியில் இறங்கும்போது ஆறு மணி.

ஜட்காக்கார சாயபு, வரதர் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆறணா கேட்டார். "இருட்டிக்கினு வருது சாமி. இந்த ஊருக்கு இன்னும் எலெக்ட்ரிக் வரல. காலைல பாத்துக்கக் கூடாதா?" என்றார். எனக்கு அச்சாபீஸில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, விடியற்காலை வண்டியைப் பிடிக்க வேண்டும். வந்தது வீண் என்று மனதுக்குள் முடிவே கட்டிக்கொண்டுதான் ஜட்காவில் ஏறினேன்.

வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம். இருட்டில் பட்டு இழை தெரியாது என்பதால் தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு நின்றுகொண்டே வந்தது. மாடங்களில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசலில் நின்று புடவை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். "அரக்குடா, பச்சைக் கரை போட்டிருக்குது" என்றாள் அக்காள். ஏதோ குத்துமதிப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அரக்குதான், பச்சைக் கரைதான்!

பட்டணத்தில் பட்டப்பகலில் என் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் எல்லாம் வெள்ளைப் புகையாக இருக்கிறது என்பாள். நன்றாகத் தெரியட்டும் என்று அவள் அறையில் இருப்பதிலேயே பெரிய பல்பாக வாங்கிப் போட்டிருந்தேன். அதைப் போட்டால் கண்ணைக் கையால் மூடிக்கொள்வாள். வெளிச்சத்தில் சுருங்கிவிடும் கண்பாவை மங்கலில் விரிந்து, புரையின் ஓரமாகப் பார்க்கும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். சிலருக்குத்தான் அப்படியாம்.

சந்நிதியில் கூட்டம் இல்லை. பட்டர் விளக்கைத் திருவடியில் பிடித்து, மெல்ல மேலே கொண்டு போனார். வெளிச்சம் பட்ட இடம் மட்டுந்தான் தெரியும், மற்றதெல்லாம் கும்மிருட்டு. அக்காள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதம், மாலை, கை என்று முணுமுணுத்தபடி வந்தாள். விளக்கு முகத்துக்கு ஏறியது. "சிரிக்கிறார்டா" என்றாள். ஐந்தாறு தரம் அதே இடத்தில் கும்பிட்டவன் நான். அவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வெளியே குளத்துத் தண்ணீரில் ஒன்றிரண்டு விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான மாலையை நான் பார்த்ததே இல்லை.

கண் சரியில்லாதவர்களை அழைத்துப் போகிறவர்கள் விளக்கு வைத்த பிறகே போங்கள், ஒருவேளை அவர்களுக்கும் தெரியலாம். படி ஏற இறங்கக் கைப்பிடி நீங்கள்தான், விட்டுவிடாதீர்கள். ஜட்காவுக்கு நாலணா போதும், நான் ஏமாந்தேன். சத்திரத்தில் இடம் கிடைக்கும், பாய் மட்டும் கொண்டு போங்கள்.

சத்திரத்தில் இலைக்கு முன்னால் ஓர் அகலை வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் அக்காள். என்னவென்று கேட்டேன்.

"எப்போடா தம்பி உனக்கு இவ்ளோ நரைச்சுது?"

அவள் பார்த்து முடிக்கட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.