காணிக்கைப் பையில் நான் போட்ட வசனம்

சாந்தமான சாட்சியை எதிர்பார்த்து இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த ஜெபம் சாந்தமான ஜெபம் இல்லை. ஆனாலும் கர்த்தர் அதைக் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், என் கணவர் இயேசுதாஸ் கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்தார். ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. தோல் ஊறிச் சுழலும் பெரிய டிரம்மில் தோலை ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவர் பாடு. தொட்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அன்றைக்குக் குழாய் அடைத்துக்கொண்டது என்று சூப்பர்வைசர் அவரை இறங்கச் சொல்லிவிட்டார். முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. உள்ளே விஷவாயு. கூட வேலை செய்த ரபீக் பாய் மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை இழுத்து மேலே போட்டார்.

நான் அப்போது வேறொரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவர் தொண்டையில் குழாய் சொருகியிருந்தார்கள். மூச்சை மிஷின்தான் விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் எந்த வாக்கும் தரவில்லை. வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையில் வேதாகமம் இருந்தது, ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. "ஆண்டவரே, அவரைக் குடுங்க" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை. கர்த்தர் கொடுத்தார். ஒரு காலையில் கண் திறந்து என்னைப் பார்த்தார். நுரையீரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குவார்.

என் சாட்சி இதோடு முடிந்திருக்கலாம். முடியவிடாமல் செய்தவர் பெயர் தேவராஜ்.

என் கணவரைத் தொட்டியில் இறக்கிய சூப்பர்வைசர் அவர்தான். எங்கள் சபையின் மூப்பரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காணிக்கைப் பையோடு வரிசை வரிசையாக வருவார். அவர் ஆபீசில் போய், "குடிச்சிட்டு வந்து அவனா உள்ள வியுந்தான்" என்று சொல்லிவிட்டார். ஆபீசுக்கும் அது வசதியாக இருந்தது. ரபீக் பாய் நடந்ததைச் சொல்லப் போனபோது, உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பொய் ஏன் அவ்வளவு கொடியது என்று சொல்ல வேண்டும். என் கணவர் ஒரு காலத்தில் குடித்தவர். கர்த்தர் அவரை மீட்டெடுத்தார். சபைக்கு முன்னால் நின்று அவர் அதைச் சாட்சியாகச் சொன்னபோது, எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கேட்க வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட அவர் தொட்டதில்லை. அந்தச் சாட்சியைத்தான் தேவராஜ் கொன்றார்.

சபையும் நம்பிவிட்டது. உடம்பு தேறி அவர் முதல் முறையாகத் திருவிருந்துக்குப் போன அன்று, திராட்சரசப் பாத்திரம் அவர் உதட்டுக்கு வந்த நேரத்தில், பின்னால் யாரோ மெதுவாக, "பார்த்துக் குடுங்க, மொத்தமும் காலி பண்ணிடப் போறாரு" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்து தலை குனிந்து உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு கிளம்பவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் வீட்லயே ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றார்.

அதுவரை சங்கீதப் புத்தகத்தில் சில அதிகாரங்களை நான் தாண்டிப் போய்விடுவேன். சத்துருவின் பல்லை உடைத்துப் போடும் என்று தாவீது கேட்கிற இடங்கள் எனக்குப் பயமாக இருக்கும். இப்போது அங்கேயே குடியிருந்தேன். தேவராஜுக்கு நல்ல வரிசையான பல். சிரித்தால் அத்தனையும் தெரியும். தாவீது கேட்டதையே நானும் கேட்டேன். இங்கே அவர் என்று மரியாதையாக எழுதுகிறேன், ஜெபத்தில் அவன் என்றுதான் சொன்னேன். ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டே அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அந்த ஷூவெல்லாம் எந்த நாட்டில் யார் காலில் ஏறியதோ, பாவம்.

அவன் சாகட்டும் என்று நான் கேட்டதில்லை. எந்த வாய் பொய் சொன்னதோ அந்த வாய், அதே ஜனங்களுக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவனுக்குத் தூக்கம் பிடிக்கக் கூடாது, சோறு ருசிக்கக் கூடாது. இதுதான் என் விண்ணப்பம்.

சபைப் பெண்கள் என்னை விடவில்லை. மனஸ்தாபத்தோடு திருவிருந்தில் பங்கெடுக்கக் கூடாது, மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் சொன்னபடி போய் ஒப்புரவாகிவிட்டு வா என்றார்கள். வசனம் என்று சொன்னால் எனக்கு மறுத்துப் பேச வராது. போனேன். ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு தேவராஜ் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் என்னை உட்கார வைத்தார். டீ கொடுக்கச் சொன்னார். பிறகு என் தலைமேல் கை வைத்தார். "கர்த்தாவே, இந்தச் சகோதரியோட கசப்பை எடுத்துப் போடும். நான் மனப்பூர்வமா மன்னிச்சிட்டேன்" என்று ஜெபித்தார். மன்னித்தாராம். என் புருஷனை விஷக் குழியில் இறக்கிவிட்டவர் என்னை மன்னித்தார். நானும் ஆமென் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்குள் சபை முழுக்க, இயேசுதாஸ் சம்சாரமே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்று பேச்சு. பொய்க்கு நானே போய் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வீட்டில் அந்த அதிகாரத்தைத் திறந்து மறுபடியும் படித்தேன். காணிக்கை கொண்டுவருகிறவன்மேல் அவன் சகோதரனுக்குக் குறை இருக்குமானால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு அவன் போக வேண்டும் என்றுதான் இயேசு சொல்லியிருக்கிறார். குறை யாருக்கு? எங்களுக்கு. யார்மேல்? தேவராஜ்மேல். அப்படியானால் எழுந்து போக வேண்டியது யார்? அடிபட்டவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. காலம்காலமாக நாங்கள் அதைத் தலைகீழாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறோம்.

லூக்காவில் ஒரு விதவை வருகிறாள். நீதிபதியிடம் ஓயாமல் போய் நிற்கிறாள். அவள் சமாதானம் கேட்கவில்லை, எதிராளிக்கு விரோதமாக நியாயம் கேட்கிறாள். அவளைத்தான் ஆண்டவர் ஜெபத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார். எனக்கு அது போதும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு தேவராஜ் பையோடு என் வரிசைக்கு வந்தார். நான் காசு போடவில்லை. பையின் வாய்க்கு அருகில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மத்தேயு அஞ்சு இருவத்திமூணு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். அப்புறம் அவர் சிரிப்பதை நிறுத்தினார். என் பக்கத்துக்கு வேறொரு மூப்பரை அனுப்பினார். நான் எழுந்து அவர் வருகிற பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பக்கம் மாற்றினால் நானும் மாற்றினேன். மழைக்காலம் போய், கிறிஸ்துமஸ் போய், லெந்து நாட்களும் வந்துவிட்டன. திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் முன்னால் போவார்கள், நான் மட்டும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். பார்க்கட்டும் என்றே உட்கார்ந்தேன்.

போதகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வசனம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் அவர் வரமாட்டார், உங்கள் மனநிம்மதிக்காக விட்டுவிடுங்கள் என்றார். நல்ல மனிதர், நல்லதைத்தான் சொன்னார்.

"வராதவரை வரவைக்கத்தானே ஐயா ஜெபம் பண்றேன்" என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு. அன்று திருவிருந்தும் இருந்தது. தேவராஜ் பையோடு வந்தார். முகம் இளைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. என் ஜெபம் வேலை செய்கிறது என்று எனக்குள் சந்தோஷம். வழக்கம்போல வசனத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கடந்து போனார். பையைக் கொண்டுபோய் பீடத்துக்கு முன்னால் தரையில் வைத்தார். காணிக்கை ஜெபத்துக்கு நிற்காமல் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

ஓடிட்டான் என்று நினைத்தேன். ஆராதனை முடியும்வரை எனக்கு அந்த வெற்றிதான் ருசித்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உள்ளே என் கணவர் நாற்காலியில் இருந்தார். தேவராஜ் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இறங்கச் சொன்னது நான்தான், வேலை போய்விடுமென்று பயந்து பொய் சொன்னேன், கண்ணை மூடினால் உன் பொண்டாட்டி குரல்தான் கேட்கிறது என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் அவர் தோளில் கை வைத்திருந்தார். எனக்கு அந்தக் கை பிடிக்கவில்லை.

"இங்க அழுதா ஆச்சா? எங்க எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சொல்றேன் தங்கச்சி" என்றார்.

சொன்னார். அந்த வாரமே ஆபீசில் சொன்னார். ஈஸ்டர் அன்று சபைக்கு முன்னால் நின்று, இயேசுதாஸ் குடிக்கவில்லை, அவன் சாட்சி உண்மை, நான்தான் பொய்யன் என்று சொன்னார். என் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவர் முகமாகத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு என் கணவர் முன்னால் போய் முழங்காலிட்டுப் பாத்திரத்தை வாங்கினார். அத்தனை மாதம் இடத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். என் கண்ணீர் நிற்கவில்லை.

பொய் சொன்னபோது தேவராஜோடு நின்ற ஆபீஸ், உண்மை சொன்னதும் அவரை வேலையை விட்டு நீக்கியது. நல்லா வேணும் என்று சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். அவனுக்காகவும் ஜெபம் பண்ணு என்றார் என் கணவர். நீங்க பண்ணுங்க, நான் இன்னும் அங்க வந்து சேரல என்றேன். இப்போது தேவராஜ் குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையில் இருக்கிறார். பார்த்தால் வந்தனம் சொல்லுகிறார். நானும் சொல்லுகிறேன். அதுவரைக்கும் வந்திருக்கிறேன்.

அன்பானவர்களே, உங்களுக்கு ஒருவன் அநியாயம் செய்திருந்தால், அதை மென்று விழுங்கிக்கொண்டு ஆலயத்தில் சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டிலும் புலம்பாதீர்கள். பழிவாங்குவது தமக்குரியது என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். அவருடையதை அவரிடம்தானே கேட்க வேண்டும். கோபத்தோடு போங்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். என் கணவருக்கு உயிரையும் பெயரையும் திருப்பிக் கொடுத்தவர் உங்களுக்கும் செய்வார். அவருக்கே மகிமை.

அந்தத் தொட்டியில் இன்னும் ஆளை இறக்குகிறார்கள் என்று ரபீக் பாய் போன வாரம் சொன்னார். தேவராஜ் பெயரை என் ஜெபத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் தொழிற்சாலை மேனேஜர் பெயர் இருக்கிறது.